காப்பி இல்லாத வீடு

காலையில் கண் விழித்ததும் ஒரு டம்ளர் காப்பி உள்ளே போகாவிட்டால் உலகமே சூனியமாகத் தோன்றும் நேயர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. டிகாக்ஷன் இறங்கும் வாசனையை நம்பித்தான் பல வீடுகளில் பொழுதே விடிகிறது. அப்படிப்பட்ட நேயர்களை இன்று ஒரு விசித்திரமான வீட்டுக்கு அழைத்துப் போக உத்தேசித்திருக்கிறோம். அந்த வீட்டில் காப்பி கிடையாது, தேயிலையும் கிடையாது. புகையிலை, பீர், பிராந்தி முதலியவற்றின் பேச்சே கிடையாது. ஆனால் அங்கே வசிப்பவர்கள் சந்நியாசிகள் அல்ல. இருபத்தொரு வயதிலேயே கலியாணம் செய்துகொண்டு, மூன்று குழந்தைகளைப் பெற்று, வாடகைக்கும் பால் செலவுக்கும் கணக்குப் பார்த்துக் காலம் தள்ளும் சாதாரணக் குடும்பஸ்தர்கள். அவர்கள் மார்மன் தம்பதிகள்.

வீடு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில் யூடா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகரம் ஸால்ட் லேக் ஸிட்டி. நம் பாஷையில் சொன்னால் உப்பேரி நகரம். ஒரு பக்கம் பனி மூடிய வஸாட்ச் மலைத் தொடர்; மறுபக்கம் கடல் நீரைக் காட்டிலும் உப்புக் கரிக்கும் பெரிய ஏரி. நகரத்தின் நடுவில் கருங்கல்லால் கட்டிய ஆறு கோபுரங்களுடன் மார்மன் ஆலயம் நிற்கிறது. 1853-ஆம் வருஷம் ஆரம்பித்து 1893-ஆம் வருஷம் முடிப்பதற்குள் நாற்பது வருஷம் ஆயிற்று. ஊரின் வீதிகளுக்கெல்லாம் இந்த ஆலயத்தின் மூலையிலிருந்துதான் எண்ணிக்கை ஆரம்பமாகிறது. ஒருவருடைய விலாசத்தைச் சொன்னால், அவர் ஆலயத்துக்கு எத்தனை வீதி தள்ளிக் குடியிருக்கிறார் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் வரும் தம்பதிகளுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. அவர்கள் ஒரு தனிப்பட்ட வீட்டார் அல்லர். பல வீடுகளிலிருந்து சேர்த்து எழுதிய சித்திரம். ஆனால் அவர்களுக்கு நேருவதெல்லாம் அந்த ஊரில் உண்மையாகவே நேருபவை.

பாலைவனத்துக்கு வந்தவர்கள்

முதலில் இவர்களுடைய பூர்வோத்தரத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. 1830-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்தில், ஜோஸப் ஸ்மித் என்ற இருபத்து நாலு வயது வாலிபர் ஒரு புதிய சபையை ஸ்தாபித்தார். தங்கத் தகடுகளில் பொறித்திருந்த பழைய சரித்திரம் ஒன்றைத் தேவ அருளால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி, 'மார்மன் புஸ்தகம்' என்ற நூலை அதே வருஷம் வெளியிட்டார். அந்தப் புஸ்தகத்தின் பெயரே அவருடைய ஜனங்களுக்குப் பட்டப் பெயராகிவிட்டது. சபையின் முழுப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது. பட்டப் பெயரை விட்டு முழுப் பெயரையே வழங்க வேண்டும் என்று 2018-ஆம் வருஷம் சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார். ஆனால் ஊர் வாய் அவ்வளவு நீளமான பெயரைச் சொல்லப் பழகவில்லை.

போன இடமெல்லாம் விரோதம் வளர்ந்தது. 1844-ஆம் வருஷம் இல்லினாய் மாகாணத்துச் சிறையில் ஜோஸப் ஸ்மித்தையும் அவருடைய தமையனாரையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் பிரிகம் யங் என்பவரின் தலைமையில் மேற்கே புறப்பட்டு, 1847-ஆம் வருஷம் ஜூலை 24-ஆம் தேதி உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். 1869-ல் ரயில் வருகிற வரையில் சுமார் 70,000 பேர் அந்த நெடுவழியைக் கடந்து வந்தார்கள். மாடும் வண்டியும் வாங்கப் பணமில்லாத சுமார் 3,000 பேர், கைவண்டியில் சாமானை ஏற்றித் தாங்களே இழுத்து வந்தார்கள். வழியில் புதைத்த குழந்தைகளின் கதை பல குடும்பங்களில் உண்டு. குடும்பம் என்றால் இவர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள் என்பதற்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது.

"இவர்கள் பல பெண்டாட்டிக்காரர்கள் அல்லவா?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். 1852-ஆம் வருஷம் அந்த வழக்கத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள் என்பது மெய். 1890-ஆம் வருஷம் சபைத் தலைவர் அதைக் கைவிடுமாறு அறிக்கை வெளியிட்டார். இன்று இரண்டாவது மனைவியை மணப்பவரைச் சபை விலக்கிவிடும்.

காப்பி விஷயம் 1833-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது. மது ஆகாது, புகையிலை ஆகாது, 'சூடான பானங்கள்' ஆகாது என்று அப்போது ஒரு விதி ஏற்பட்டது. சூடான பானம் என்றால் காப்பியும் தேயிலையுமே என்று பெரியவர்கள் வியாக்கியானம் செய்தார்கள். ஆகையால் கொதிக்கக் கொதிக்கச் சாக்லெட் குடித்தால் தோஷம் இல்லை. பனிக்கட்டி போட்ட காப்பி குடித்தால் தோஷம்! வியாக்கியானத்தின் சக்தி எந்த மதத்தில்தான் குறைவு?

இரண்டு வருஷப் பிரிவு

நம்முடைய கதாநாயகன் 2013-ஆம் வருஷம் பதினெட்டு வயதில் பிரசாரத்துக்குப் புறப்பட்டான். மார்மன் வாலிபர்கள் இரண்டு வருஷம் சொந்தப் படிப்பையும் சம்பாத்தியத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வீடு வீடாகச் சென்று மதப் பிரசாரம் செய்வது கடமை. பெண்களும் விரும்பினால் பதினெட்டு மாதம் போகலாம். எந்த ஊருக்கு என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. தலைமைக் காரியாலயத்திலிருந்து உத்தரவு வரும். சம்பளம் கிடையாது, செலவுக்குக் குடும்பமே பணம் கட்டும். எங்கே போனாலும் இருவர் இருவராகத்தான் போக வேண்டும்.

நம் சென்னைப் பட்டணத்துக்கே 1853-ஆம் வருஷம் இப்படிப்பட்ட பிரசாரகர்கள் வந்திருக்கிறார்கள். உப்பேரி நகரத்தில் முதல் ஞாயிறு பாடசாலையை ஏற்படுத்திய ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் அவர்களில் ஒருவர். சென்னையில் அவருடைய பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் வெகு சிலரே. அடுத்த வருஷமே அவர் கப்பலேறிவிட்டார்.

நம் வாலிபனுக்குப் பிலிப்பைன்ஸ் தீவுகள் கிடைத்தன. சில வாரங்களில் அந்த நாட்டுப் பாஷையை ஒருவாறு கற்றுக்கொண்டு விமானம் ஏறினான். அந்தக் காலத்தில் பிரசாரகர்கள் வீட்டாரோடு டெலிபோனில் பேச வருஷத்தில் இரண்டே நாட்கள்தான் அனுமதி. ஒன்று கிறிஸ்துமஸ், மற்றொன்று அமெரிக்கர்கள் கொண்டாடும் அன்னையர் தினம். மற்ற வாரங்களில் கடிதம்தான். மகன் ஜுரமாய்க் கிடந்ததும், பிறகு எழுந்து நடமாடியதும், தாயாருக்கு ஒரே கடிதத்தில் தெரியவந்தன. வாரம் ஒரு தடவை பேசலாம் என்று சபை விதியைத் தளர்த்தியது 2019-ஆம் வருஷம் பிப்ரவரியில்தான். அதற்குள் அவன் திரும்பி வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. "என் காலத்தில் இது இல்லாமல் போயிற்றே!" என்று அவனுடைய தாயார் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாளே தவிர, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆலய வாசலில்

கதாநாயகி பிறவியில் மார்மன் அல்ல. வேறொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். தகப்பனார் காலமாகிவிட்டார், தாயார் ஒருத்திதான். கலாசாலையில் படிக்கும்போது 2014-ஆம் வருஷம் பெண் இந்தச் சபையில் சேர்ந்தாள். தாயாருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. 2016-ஆம் வருஷம் வசந்த காலத்தில், பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பியிருந்த வாலிபனுக்கும் இவளுக்கும் உப்பேரி நகரத்து ஆலயத்தில் விவாகம் நிச்சயமாயிற்று.

மார்மன்களின் ஞாயிறு வழிபாடு நடக்கும் சபைக் கூடங்கள் வேறு, ஆலயம் வேறு. கூடத்துக்குள் யாரும் போகலாம். ஆலயத்துக்குள் போகச் சபை அங்கத்தினராயிருந்தால் மட்டும் போதாது. பிஷப்பும் அவருக்கு மேலான அதிகாரியும் தனித்தனியே விசாரித்துக் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். ஒழுக்கம் எப்படி? வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாயிற்றா? காப்பி, மது தொடுவதுண்டா? இவற்றுக்கெல்லாம் சரியான பதில் சொன்ன பிறகே சீட்டுக் கிடைக்கும்.

உள்ளே நடக்கும் விவாகத்தில் மேளமும் இல்லை, பாட்டும் இல்லை. வெள்ளை உடையில் மணமக்கள் ஒரு பீடத்தின் இரு பக்கமும் எதிரெதிரே முழங்காலிட்டுக் கை கோத்துக்கொள்கிறார்கள். மற்றக் கிறிஸ்தவ விவாகங்களில் 'மரணம் பிரிக்கும் வரையில்' என்று சொல்வார்கள். இங்கே அந்த வார்த்தை இல்லை. இந்தக் காலத்துக்கும், சகல நித்தியத்துக்கும் அவர்கள் சேர்த்து முத்திரிக்கப்படுகிறார்கள். அறையின் இரு சுவர்களிலும் எதிரும் புதிருமாகப் பெரிய நிலைக்கண்ணாடிகள். பிம்பத்துக்குள் பிம்பமாக, முடிவே இல்லாமல், தம்பதிகளின் உருவம் நீண்டுகொண்டே போகும். இனிப் பிறக்கும் குழந்தைகளும் அந்தச் சங்கிலியில் சேர்ந்தவர்களே என்பது நம்பிக்கை.

இவ்வளவு அழகான காட்சியைப் பெண்ணின் தாயார் பார்க்கவில்லை. அந்த அம்மாளிடம் சீட்டு இல்லை.

ஆலயத்தைச் சுற்றிலும் டூலிப் மலர்கள் பூத்திருந்தன. வசந்த காலத்துச் சனிக்கிழமை ஆகையால் வெள்ளை கவுன் அணிந்த மணப்பெண்கள் ஒருவர் பின் ஒருவராய் வெளியே வந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தவள், தலை பின்னிவிட்டவள், புருஷன் இறந்த பிறகு தனியாகச் சம்பாதித்துக் கலாசாலைக்கு அனுப்பியவள், பெண்ணின் கலியாணத்தன்று வெளியே உட்கார்ந்திருந்தாள். குடும்பம் நித்தியமானது என்று சொல்லும் சபையின் வாசலிலே அந்தக் குடும்பம் உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக நின்றது.

"முதலில் ஊரறியச் சட்டப்படி கலியாணம் செய்துகொண்டு, பிறகு ஆலயத்துக்குப் போனால் என்ன?" என்று கேட்கலாம். இங்கிலாந்து போன்ற தேசங்களில், விவாகம் பகிரங்கமாகத்தான் நடக்க வேண்டும் என்ற சட்டம் இருப்பதால், அப்படித்தான் செய்து வந்தார்கள். அமெரிக்காவில் அவ்விதம் செய்தவர்கள் ஆலய முத்திரிப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒரு வருஷம் காத்திருந்தால் பக்தி குறைந்தவர்கள் என்று ஊர் நினைக்கும். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் சபைக் கூடத்தில் விருந்து நடந்தது. கூடைப்பந்து விளையாடும் பெரிய ஹாலில், பந்து வளையத்தின் மேல் காகிதப் பூ சுற்றி அலங்கரித்திருந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் மோதிரம் போட்டுக்கொண்டார்கள். தாயார் கை தட்டினாள். ஆனால் அவளுக்கும் தெரியும், கலியாணம் காலையிலேயே முடிந்துவிட்டது என்று.

நாள்தோறும்

இல்லற வாழ்க்கை ஆரம்பித்தது. மாதம் 4,000 டாலர் சம்பளம் என்றால் 400 டாலர் முதலில் தசமபாகத்துக்குப் போய்விடும். மீதியில்தான் வாடகை, கலாசாலைக் கடன், மளிகை எல்லாம். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமலிருந்து, மிச்சமான தொகையை ஏழைகளின் உதவிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் சபையின் வட்டாரக் கூடங்களில் சம்பளம் வாங்கும் குருமார் கிடையாது. பிஷப் என்பவர் வாரத்தில் ஆறு நாள் பல் வைத்தியராகவோ பள்ளி உபாத்தியாயராகவோ இருப்பார். ஏறக்குறைய ஐந்து வருஷம் அந்தப் பொறுப்பைச் சுமந்துவிட்டு, மறுபடியும் சாதாரண மனிதராகப் பெஞ்சியில் உட்காருவார். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. நம் கதாநாயகன் ஒன்றரை வயதுக் குழந்தைகளை ஞாயிறன்று மேய்க்கும் உத்தியோகம் வகித்தான். பிரசங்கம்கூட அங்கத்தினர்களே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியதுதான்; பன்னிரண்டு வயதுப் பையனும் நடுங்கிக்கொண்டே ஐந்து நிமிஷம் பேசுவான். 'சகோதரர்', 'சகோதரி' என்றே ஒருவரையொருவர் அழைக்கிறார்கள்.

திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. 1915-ஆம் வருஷத்திலிருந்தே சபை இதை வற்புறுத்தி வருகிறது. ஒரு பாட்டு, ஒரு சிறு பாடம், ஒரு விளையாட்டு, கடைசியில் ஏதாவது தித்திப்பு. பாடத்தின் நடுவே பையன் மேஜைக்கடியில் புகுந்துகொள்வதும், பெண் தித்திப்பு எப்போது என்று கேட்பதும் எல்லா வீட்டிலும் உண்டு.

1842-ஆம் வருஷம் ஆரம்பித்த பெண்களின் ஒத்தாசைச் சங்கம் ஒன்று இவர்களிடம் இருக்கிறது. 2017-ஆம் வருஷம் முதல் குழந்தை பிறந்தபோது, அந்தச் சங்கத்துப் பெண்கள் இரண்டு வாரம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட ஒரு பலகாரம் அதில் பிரதானம். சாவு வீட்டுக்கு வழக்கமாக எடுத்துப் போவதால் அதற்குச் 'சாவு வீட்டு உருளைக்கிழங்கு' என்றே பெயர். பிறப்பு வீட்டிலும் அது நன்றாகவே செலவாயிற்று.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கு ஞாயிறு கூட்டத்தில் நடந்தது. தகப்பனும் குருத்துவம் பெற்ற மற்ற ஆண்களும் வட்டமாக நின்று, ஒரு கையால் குழந்தையைத் தாங்கி, மறு கையை அடுத்தவர் தோளில் வைத்துக்கொண்டார்கள். பெயரைச் சொல்லி ஆசி கூறினான் தகப்பன். பெற்ற தாய் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் குருத்துவம் பெண்களுக்கு இல்லை. வீட்டை ஆளும் பொறுப்புத் தகப்பனுக்கு, குழந்தைகளைப் பேணும் பொறுப்பு முதன்மையாகத் தாய்க்கு என்று 1995-ஆம் வருஷத்துப் பிரகடனம் ஒன்று சொல்கிறது. கலாசாலைப் பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் தொட்டிலை ஆட்டும்போது, அந்தப் பெண்ணுக்கு ஒரு சமயம் நிறைவும் ஒரு சமயம் ஏக்கமும் ஏற்பட்டால் அதில் ஆச்சரியம் என்ன? கலியாணம் ஆகாதவர்களுக்கும் குழந்தை இல்லாதவர்களுக்கும், குடும்பத்தையே மோட்ச வழியாகக் கொண்ட அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மிகவும் நீளமான நாள்.

ஆனால் அன்று பாட்டி உள்ளே இருந்தாள். சபைக் கூடத்துக்குச் சீட்டு வேண்டியதில்லை அல்லவா? பேத்தியின் பெயரைத் தன் காதால் கேட்டாள்.

கதவு திறந்தது

2019-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி சபைத் தலைவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஒரு வருஷம் காத்திருக்கும் விதி ரத்தாயிற்று. இனிமேல் காலையில் பந்துக்கள் எல்லோர் முன்னிலையிலும் விவாகம் செய்துகொண்டு, மாலையிலேயே ஆலயத்துக்குப் போய் முத்திரிப்புப் பெறலாம்.

2021-ஆம் வருஷம் கணவனுடைய தம்பிக்கு அப்படித்தான் கலியாணம் நடந்தது. பெண் வீட்டார் மார்மன்கள் அல்லர். தோட்டத்திலே நாற்காலிகள் போட்டு, முதல் வரிசையில் மணப்பெண்ணின் தாயாரை உட்கார வைத்திருந்தார்கள். நம் கதாநாயகி அந்த முதல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு தாயாருக்கு டெலிபோன் செய்தாள்.

"அம்மா, நான் அப்போது ஒரு வருஷம் காத்திருந்திருக்கலாம்" என்றாள்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "இனி எந்தத் தாயாரும் கலியாணம் பார்க்காமல் திரும்ப வேண்டாமே, அது போதும்" என்று பதில் வந்தது.

முத்திரிப்பு அறையின் கதவு இன்றும் சீட்டு இல்லாதவர்களுக்குத் திறப்பதில்லை. ஆனாலும் பெற்றவர்கள் கலியாணத்தைப் பார்க்கலாம் என்று ஆனது சிறிய காரியம் அல்ல.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நம்மவர்கள் அமாவாசையன்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி நீர் விடுகிறார்கள் அல்லவா? மார்மன்களோ முன்னோரின் பெயர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பதிலாகத் தாங்கள் நீரில் மூழ்கி, ஆலயத்தில் ஞானஸ்நானம் செய்விக்கிறார்கள். இதற்காகவே 1894-ஆம் வருஷம் வம்சாவளிச் சங்கம் ஏற்படுத்தி, பல தேசங்களின் பதிவேடுகளைச் சேகரித்து வருகிறார்கள். காலமான தகப்பனாருக்கு அதைச் செய்ய மகளுக்கு உரிமை உண்டு. அவள் தாயாரிடம் ஒரு தடவை கேட்டாள். "அவர் தம்முடைய சபையிலே வாழ்ந்து அதிலேயே இறந்தார். அப்படியே இருக்கட்டும்" என்றாள் தாயார். மகள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முன்பு ஒரு தடவை விதிக்குப் பயந்து தாயாரை வெளியே விட்டவள், இந்தத் தடவை உரிமையையே விட்டுக்கொடுத்தாள்.

எட்டு வயது

மார்மன்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வதில்லை. நல்லது கெட்டது அறியும் வயது எட்டு என்பது அவர்கள் கொள்கை. 2025-ஆம் வருஷம் மூத்த பெண்ணுக்கு எட்டு வயது நிரம்பியது. பாட்டி முதல் நாளே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அந்த அம்மாள் எழுந்து சமையலறைக்கு வந்தபோது, மாப்பிள்ளை அடுப்பருகே நின்றுகொண்டிருந்தான். முன்னெல்லாம் அவள் காப்பிக்காக நாலு வீதி தள்ளியுள்ள கடைக்குப் போய் வருவாள். இப்போது அலமாரியின் மேல் தட்டில் ஒரு சிறிய காப்பிப் பாத்திரம் அவளுக்கென்றே இருக்கிறது. ஆயுளில் ஒரு சொட்டுக் காப்பி ருசி பார்த்திராத மனிதன், டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து அளந்து போட்டுக் கொடுத்தான்.

"எப்படி இருக்கிறது?" என்று கவலையோடு கேட்டான்.

"சகிக்கவில்லை. ஆனால் இன்னொரு கோப்பை கொடு" என்றாள் மாமியார்.

சபைக் கூடத்தில் நீர்த்தொட்டி நிரம்பியிருந்தது. வெள்ளை உடை அணிந்த தகப்பன் இடுப்பளவு நீரில் இறங்கினான். வெள்ளை உடையில் சிறுமியும் இறங்கினாள். தலை முதல் கால் வரையில் முழுவதும் நீரில் மூழ்க வேண்டும். ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். அதைக் கவனிக்க இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். பெண்களும் சாட்சியாக நிற்கலாம் என்று 2019-ஆம் வருஷம் அக்டோபரில் விதி ஏற்பட்டிருந்தபடியால், அன்று சாட்சிகளில் ஒருத்தி பெற்ற தாய்.

தகப்பன் வலது கையை உயர்த்திப் பிரார்த்தனை சொல்லிக் குழந்தையை நீரில் சாய்த்தான். தாயார் தலையசைத்து, "கால் பெருவிரல் தெரிந்தது" என்றாள். கூட்டத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. இரண்டாவது தடவை சரியாக மூழ்கி எழுந்தாள் சிறுமி.

படியேறி வரும் குழந்தையை வாங்கித் துவட்டிவிடுவது வழக்கமாகத் தாயாரின் வேலை. அன்று தாயார் சாட்சியாக நின்றதால் அந்த வேலைக்கு வேறொருவர் வேண்டியிருந்தது. ஈரம் சொட்டச் சொட்டக் குளிரில் நடுங்கிக்கொண்டு சிறுமி படியேறி வந்தாள். மேல் படியிலே, கதவுக்கு உட்புறத்தில், இரண்டு கையாலும் ஒரு பெரிய துவாலையை விரித்துப் பிடித்துக்கொண்டு பாட்டி நின்றுகொண்டிருந்தாள்.